ஒன்றில்லை, இரண்டில்லை

ஓல்ஷானா
1 மார்ச் 1991

அன்புள்ள ஹதாசா,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய். உன் மாமா சினிமாவில் சேர்ந்துவிட்டேன்.

வார்சாவிலிருந்து ஒரு படக்குழு நம் ஊரில் வந்து இறங்கியிருக்கிறது. லாரி மட்டும் அறுபது. பக்கத்து வீட்டு ஹலினா பதினொன்று என்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை. கதை 1942-ல் நடக்கிறது. ஒரு சின்ன ஊரில் ஜெர்மானியர்கள் யூதர்களைச் சுவர் எழுப்பி அடைக்கிறார்கள். அங்கே ஒரு ரொட்டிக்காரர் தன் அடுப்புக்குப் பின்னால் ஆறு பிள்ளைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறார். இதற்குத் தோதான இடம் தேடி போலந்து முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் நம் சந்தைச் சதுக்கத்தில் வந்து நின்றார்களாம். ஐம்பது வருஷமாக நகராட்சி ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு காலம் வரும் பார்.

இயக்குநர் டோரோத்தா என்கிற அம்மாள். கையில் எப்போதும் சிகரெட், ஆனால் பற்றவைப்பதில்லை. வந்த அன்றே, இந்த ஊரில் பழைய யூதர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்திருக்கிறார். ஊரே என் வீட்டைக் கை காட்டியது. கேட்டால் காட்டுவதற்கு வேறு கதவு ஏது? நான் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். ஊர்க் கொட்டகையில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவன், ஆகையால் திரைத்துறை எனக்குப் புதிதல்ல. சிறுவயதில் ஒரு பெரிய ரப்பியிடம் நேரடியாக வேதம் படித்தவன். அவ்வளவுதான் சொன்னேன். உடனே என்னை ஆலோசகராகப் போட்டுவிட்டார். இப்போது என்னைக் கேட்காமல் அந்த அம்மாள் ஒரு நாற்காலியை நகர்த்துவதில்லை.

உடை தைக்கிறவர் லூட்ஜிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தொப்பி கொண்டுவந்தார். எடுத்துப் பார்த்தேன். "எங்கப்பா இதை ஆட்டுக்குக்கூட மாட்டமாட்டார்" என்றேன். எங்கப்பா நூசன் தைத்த தொப்பியில் தையல் இடது காதுக்குப் பின்னால்தான் வரும், முன்னால் வரவே வராது என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அந்த ஆள் குறிப்பு எழுதிக்கொண்டார்.

எனக்கு வேஷமும் உண்டு. ஒளிந்திருக்கும் இடத்தில் இறந்துபோன ஒருவருக்காக ஒரு கிழவர் பிரார்த்தனை சொல்கிறார். அந்தக் கிழவர் நான். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான் என்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். இறந்தவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் அந்தப் பிரார்த்தனை எனக்கு மனப்பாடம், தெரியும்தானே. இருந்தாலும் நீ பள்ளிக்கூடத்தில் வேதம் கற்பிக்கிறவள். நம் எபிரேய எழுத்துத் தெரியாத சக நடிகர்களுக்கு உதவும். போலிஷ் எழுத்தில் எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக.

அக்கா எப்படி இருக்கிறாள்? நான் கேட்டதாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் மாமா
லெய்புஷ்


ஹைஃபா
24 மார்ச் 1991

அன்புள்ள மாமா,

உட்கார்ந்துதான் படித்தேன். நாங்கள் நலம். பாஸ்கா பண்டிகைக்காக வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் துப்புரவு செய்துகொண்டிருக்கிறோம். அம்மா எழுபத்திரண்டு வயதில் ஸ்டூல் மேல் ஏறி அலமாரியில் பண்டிகைக்கு ஆகாத ரொட்டித்துகள் தேடுகிறார்.

"கேட்டால் காட்டுவதற்கு வேறு கதவு ஏது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். நாங்கள் 1957-ல் கப்பலேறும்போது தாத்தாவுக்கு வருஷம் தவறாமல் பிரார்த்தனை நடத்துவதாக அம்மாவிடம் சத்தியம் செய்தீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் உங்களிடமிருந்து கடிதம் வரும். "இந்த வருஷமும் அப்பாவுக்கு நாற்பது பேர் நின்றோம், அக்கா." பத்து யூத ஆண்கள் கூடினால் போதுமான பிரார்த்தனைக்கு நாற்பது பேர். அம்மா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். பிறகு 1969-ல் உங்கள் ஊர் தையல்காரர் மெக்கெல் இங்கே குடிவந்தார். "நாற்பதா? அந்த ஊர்ல லெய்புஷைத் தவிர யார் இருக்கா? கோழியையும் சேர்த்து எண்ணினானா?" என்று எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்தார். அன்றோடு அம்மா உங்களுக்கு எழுதுவதை நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். அது மட்டுமல்ல, அந்தப் பிரார்த்தனையே உங்களுக்குத் தெரியாது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. நீங்கள் ரப்பியிடம் படித்தது எத்தனை நாள், மாமா? அம்மா சொல்கிறார், அரிச்சுவடியில் பாதி.

இருந்தாலும் எழுதி அனுப்பியிருக்கிறேன், இரண்டு தாளில், பெரிய எழுத்தில். நடுவில் புள்ளி வைத்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே இறந்தவர் பெயரும் அவருடைய தந்தை பெயரும் வர வேண்டும்.

ஹதாசா


ஓல்ஷானா
16 ஏப்ரல் 1991

அன்புள்ள ஹதாசா,

உன் கடிதத்தின் முதல் பகுதி தபாலில் நனைந்து படிக்க முடியாமல் போய்விட்டது. இரண்டு தாளும் பத்திரமாக வந்தன. அரை நாளில் மனப்பாடம் செய்தேன். சரி, ஒன்பது நாள்.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. வரலாறு இதை என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், ஆகையால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பனி. ஏப்ரலில் பனிக்கு எங்கே போவது? உருளைக்கிழங்கு மாவைத் தெரு முழுக்கக் கொட்டினார்கள். காலையில் பார்த்தால் ஹலினாவின் வாத்துகள் பாதித் தெருவைத் தின்றுவிட்டிருந்தன. அவற்றுக்கு வயிறு உப்பி இரண்டு நாள் நடக்க முடியவில்லை. ஜெர்மன் அதிகாரி வேஷம் போட்டவர் நல்ல மனுஷன், வாத்துகளுக்குப் புதினாத் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சீருடையோடு அவர் என் வாசலுக்கு வந்தபோது நான் கதவைப் பாதி சாத்திவிட்டேன். தண்ணீர்ப் பாத்திரம் கேட்கத்தான் வந்தார். கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்கு வரும்போது மட்டும் சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு என் காட்சி. அடுப்புக்குப் பின்னால் இருட்டறை. நான் நடுவில். சுற்றிலும் பதினைந்து பேர். எல்லாம் நம் ஊர் ஆட்கள், ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு. பிரார்த்தனையைச் சொன்னேன். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். கடைசியில் எல்லோரும் "ஆமென்" சொல்ல வேண்டும். சொன்னார்கள். சொன்ன கையோடு கசாப்புக்கடை போலெக் தாடியும் தொப்பியுமாக நெற்றியில் தொட்டு, மார்பில் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டான்.

இயக்குநர் நிறுத்தினார். மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை போலெக் கையைப் பையில் விட்டுக்கொண்டான், தபால்காரர் போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை இரண்டு பேர். நான்காவது தடவை கையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவர் மண்டியிட்டுவிட்டார். அவர்களைக் குற்றம் சொல்லாதே. அறுபது வருஷமாக ஆமென் கேட்டால் கை தானாக மேலே போகிறது. போலெக் அழும் நிலைக்கு வந்துவிட்டான். "லெய்புஷ், இது என் கையே இல்லப்பா" என்றான். இப்படி ஆறு தடவை.

அப்போதுதான் நான் சொன்னேன். "அம்மா, யாருக்குக் கை மேலே போகாதோ அவங்களைக் கொண்டாங்க. நெசமான ஆளுங்க. பத்துப் பேர் போதும்."

ஆனால் இந்த நாட்டில் அதை ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. வார்சாவிலிருந்து வந்த வயதான நடிகர்கள் நாலு பேர், அவர்கள் பற்றிச் சந்தேகமில்லை. லூட்ஜ் தையல்காரர் தானாக முன்வந்தார். தாடி ஒட்டுகிறவர், "எனக்கு நானே ஒட்டிக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தயாரிப்பாளர் கோட்டைக் கழற்றினார். என்னோடு எட்டு. பிறகு விளக்குப் போடுகிற மாரெக் ஏணியிலிருந்து இறங்கி வந்து என் காதில் சொன்னான். அவன் அம்மா சாகும்போதுதான் சொன்னாளாம், அவள் யார் என்று. அம்மா வழியில் வந்தால் போதுமா என்று கேட்டான். நம் சட்டத்துக்கு அதுதானடா வேண்டும் என்றேன்.

ஒன்பது. எல்லோரும் நிற்கிறோம். பத்தாவது ஆள் இல்லை. இயக்குநர் ஒன்பதே போதும், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றார். நான் முடியாது என்றேன். அந்த அம்மாளிடம் முடியாது என்று சொன்ன முதல் ஆள் நான்தான்.

அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து மருந்துக்கடை வாலேரியான் வந்தார். தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவர். கன்னியாஸ்திரீகள் வளர்த்த பிள்ளை என்று ஊருக்கே தெரியும். யார் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. "தாடி பெருசா ஒட்டுங்க. என் வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியக்கூடாது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மனுஷரை எண்ணக்கூடாது இல்லையா, கண்ணேறு படும். அதனால் அப்பா எண்ணுகிற மாதிரி எண்ணினேன். ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை. பத்தில்லை வரைக்கும் வந்தது. ஏழாவது தடவை எடுத்தார்கள். ஒரு கையும் மேலே போகவில்லை.

படம் அங்கே வந்தால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. எப்படியாவது.

லெய்புஷ்


ஹைஃபா
5 மே 1991

அன்புள்ள மாமா,

நனைந்துபோன பகுதியை நான் மறுபடி எழுதப்போவதில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வாத்துகளை நம்புகிறேன். போலெக்கின் கையை நம்புகிறேன், அதைக் கற்பனை செய்ய உங்களாலேயே முடியாது. ஆனால் அந்தப் பத்துப் பேரை நான் எதை வைத்து நம்புவது? நாற்பது என்று எழுதியதும் இதே கைதான், இதே பச்சை மைதான்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வாத்து வரும் இடத்தில் உதடு அசைந்தது. மருந்துக்கடைக்காரர் வந்ததும் உரிப்பது நின்றது. "அந்தப் பையனை எனக்குத் தெரியும். கன்னியாஸ்திரீங்க மடத்து வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பான்" என்றார். பிறகு மறுபடி உரித்தார்.

படத்துக்கு வருவாரா என்று கேட்டேன். "அந்தப் படத்தை நான் டிக்கெட் இல்லாமலே பார்த்தவ. ஒரு தடவை போதும்" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன செய்யட்டும்?

ஹதாசா


ஓல்ஷானா
12 நவம்பர் 1991

அன்புள்ள ஹதாசா,

ஆறு மாதம் எழுதாததற்குக் காரணம், உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் எனக்கு வந்த படவாய்ப்புகள். ஒரு பற்பசை விளம்பரம்கூட. பல் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லாதே. எனக்குச் சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

நீ அனுப்பிய தாளில் காலியிடம் இருந்ததே. அதில் படத்தின் கதைப்படி "ரூபென், ஐசக்கின் மகன்" என்று சொல்ல வேண்டும். ஆறு தடவையும் அப்படித்தான் சொன்னேன். ஏழாவது தடவை சுற்றிப் பார்த்தேன். ஒட்டுத்தாடிக்குள்ளே பத்துப் பேரும் நெசமாக நின்றார்கள். ஐம்பது வருஷத்தில் இந்த ஊரில் பத்துப் பேர் ஒரே அறையில் நின்றது அன்றைக்குத்தான். இனி நிற்கவும் மாட்டார்கள். காலியிடம் வந்ததும் என் வாய் "நூசன், ஹெர்ஷின் மகன்" என்றது. நான் திட்டம் போட்டேன் என்று உன்னிடம் அளக்கலாம். போடவில்லை.

யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். போன மாதம் வார்சா ஸ்டூடியோவிலிருந்து தந்தி. பெயர் மாறியிருக்கிறது, வந்து சரியான பெயரைப் பேசிக் கொடுத்துவிட்டுப் போகவும். எனக்கு நெஞ்சுச்சளி, குரலே இல்லை என்று பதில் போட்டேன். குணமானதும் வரவும் என்றார்கள். டாக்டர் ஒரு வருஷம் பேசக்கூடாது என்றிருக்கிறார் என்று எழுதினேன். பிறகு இயக்குநர் அம்மாளே தொலைபேசியில் கூப்பிட்டார். நான் மறந்துபோய்க் கணீரென்று "ஹலோ" சொல்லித் தொலைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. "நூசன் யாரு?" என்று மட்டும் கேட்டார். தொப்பி தைக்கிறவர் என்றேன். தயாரிப்பு ஆட்கள் என்ன முடிவு செய்வார்களோ தெரியாது, வேறு குரலை வைத்துப் பேசவைத்தாலும் வைப்பார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அதோடு சரி.

இப்போது படத்தில் இருப்பது யார் பெயர் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சமாதி இல்லை, கல் இல்லை. அக்காவுக்கு நான் கொடுத்ததெல்லாம் நாற்பது பேர் என்ற பொய். அந்தப் பெயரை வெட்டியிருந்தால் அக்கா அங்கே உட்கார்ந்து ரூபெனுக்காக ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போவாள். அதனால் இதை முன்கூட்டிச் சொல்லாதே. இருந்தால் அவளே கேட்கட்டும்.

லெய்புஷ்


ஹைஃபா
20 அக்டோபர் 1992

அன்புள்ள மாமா,

போன புதன்கிழமை, கூடாரப் பண்டிகை வாரத்தில், உங்கள் படம் இங்கே திரைப்பட விழாவில் ஓடியது. அம்மாவை நான் அழைக்கவில்லை. டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு என் பள்ளிக்கூட ஆசிரியைகளோடு போகப்போவதாகச் சொன்னேன். செருப்பு மாட்டும்போது பார்த்தால் வாசலில் கைப்பையோடு நிற்கிறார். "அந்தப் பொய்யனை எண்ணிப் பார்த்துட்டு வர்றேன்" என்றார்.

கொட்டகை நிரம்பியிருந்தது. பாதிப் பேர் அம்மா வயது. பனி மூடிய தெருவை ஒரு வாத்து கடந்துபோனது, ஒரே ஒரு விநாடி. அம்மா என் கையைக் கிள்ளினார். இரண்டு வரிசை பின்னால் ஒருவர் அந்தக் காலத்தில் ரொட்டிக்கு அவ்வளவு மாவு கிடையாது என்று குறை சொன்னார். இன்னொருவர் தங்கள் ஊரில் கிடைத்தது என்றார். சண்டை முற்றி, கொட்டகைக்காரன் டார்ச் அடித்தான்.

பிறகு இருட்டறை. நீங்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், மாமா. படத்தின் உயிரே நீங்கள்தான் என்றீர்கள். உங்கள் பின்னங்கழுத்துதான் தெரிகிறது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விரலை நீட்டி ஆரம்பித்துவிட்டார், வாய்விட்டு. "ஒண்ணில்லை. ரெண்டில்லை. மூணில்லை." முன் வரிசையில் ஒரு தாத்தா திரும்பி முறைத்தார். அம்மா நிறுத்தவில்லை. "எட்டில்லை. ஒன்பதில்லை." அதோடு நின்றது. அம்மா என் பக்கம் திரும்பி, "பார்த்தியா? ஒன்பதுதான். இவன் திருந்தவே மாட்டான்" என்றார்.

முன்னாலிருந்த அந்தத் தாத்தா மறுபடி திரும்பினார். "அம்மா, தூணுக்குப் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சு நிக்கிறார். பெரிய தாடி. விட்டுட்டீங்க" என்றார்.

"பத்தில்லை" என்றார் அம்மா.

உங்கள் குரல் அப்போதுதான் வந்தது. நீங்கள் இரண்டு சொல்லைத் தப்பாகச் சொல்கிறீர்கள், அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. காலியிடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நூசன், ஹெர்ஷின் மகன்.

உங்கள் குரல்தான். யாரும் கை வைக்கவில்லை. திரையில் ஆமென் சொல்வதற்கு முன்னாலேயே என் பக்கத்திலிருந்து ஆமென் கேட்டது. முன்னாலிருந்த தாத்தாவும் சொன்னார். அவருக்குப் பின் யார் யாரோ சொன்னார்கள்.

வெளியே வந்து பஸ் ஏறினோம். பஸ்ஸில் அம்மா சொன்னார், கூடாரப் பண்டிகைக்கு மறுநாள்தான் நூசன் தாத்தாவைக் கொண்டுபோனார்களாம். இந்த வருஷத்தோடு ஐம்பது.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த இரண்டு தாளும் என் புத்தகத்திலிருந்து எழுதியதல்ல. ஸ்டூல் மேல் நின்று அலமாரியைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா சொல்லச் சொல்லத்தான் நான் எழுதினேன். பெயர் வரும் இடத்தில் நிறுத்தினார். "அங்க புள்ளி வை" என்றார்.

கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்து. நான் திருத்தவில்லை.

ஹதாசா

*லெய்புஷ், ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியே, உன் தொப்பியைப் பாத்தியா? தையல் நட்ட நடுவில பிடரியில வந்து நிக்குது. அப்பா பாத்திருந்தா காதைத் திருகியிருப்பார். கித்லா.*


ஓல்ஷானா
8 டிசம்பர் 1992

அன்புள்ள ஹதாசா,

படம் நேற்று நம் ஊருக்கு வந்தது. ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையை இதற்காகத் திறந்தார்கள். வாசலில் நின்று நானே டிக்கெட் கிழித்தேன். ஐயாயிரம் பேர். ஊர் ஜனத்தொகை மூவாயிரம் என்பதை எனக்கு நினைவுபடுத்தாதே.

எல்லோரும் தங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள். வாத்து வந்ததும் ஹலினா எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். போலெக் தன் முகம் ஒரு இடத்திலும் இல்லை என்று என்னோடு சண்டை பிடித்தான். ஆனால் லாரியில் ஆட்களை ஏற்றும் காட்சி வந்தபோது சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அது எங்கே நடந்தது என்று சதுக்கத்தில் தினமும் நடக்கிற எல்லோருக்கும் தெரியும். முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கோட்டை எடுக்கவில்லை.

இருட்டறைக் காட்சியில் வாலேரியானின் மனைவி அவர் பக்கம் சாய்ந்து, "தாடி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாளாம். இவ்வளவுதான் நடந்தது. அவர் இன்று காலை என் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த அக்டோபரில் லூட்ஜிலிருந்து தையல்காரரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். மாரெக் வருவான். வார்சா கிழவர்களுக்கு நான் எழுதியிருக்கிறேன். ஒருவர் தன் மருமகனையும் கூட்டிவருவதாக எழுதியிருக்கிறார். பார்ப்போம். எண்ணிக்கை வந்த பிறகுதான் எழுதுவேன்.

அக்காவின் இரண்டு வரியையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்டால், என் நடிப்பைப் பற்றிய வெளிநாட்டு விமர்சனம் என்கிறேன்.

தொப்பி விஷயம் உண்மை. ஏழாவது தடவை எடுக்கும்போது ஆட்களை எண்ணிக்கொண்டே பார்க்காமல் மாட்டிக்கொண்டேன். அக்காவிடம் சொல். இன்னொன்றும் சொல். அன்றைக்கு அந்த அறையில் பத்துப் பேர். பதினொன்று இல்லை, நாற்பது இல்லை. பத்து. அதில் ஒருவரைக்கூட நான் சேர்த்துச் சொல்லவில்லை.

லெய்புஷ்